புள்ளி வைக்காத பெயர்

"அந்தப் பேரை எடுங்கன்னு எத்தனை தடவை—"

"எடுக்க மாட்டேன். நீ தலைகீழா நின்னாலும்—"

"முகம் தெரியாதவன் எல்லாம் வாயில போட்டு மெல்லுறதுக்கா அவனைப் பெத்தேன்?"

"எனக்கும் பிள்ளைதான்! உனக்கு மட்டும் தனியா பொறந்தானா?"

"நான் வச்ச பேருங்க அது. நான் ஆசையாக் கூப்பிட்ட பேரு."

"அதைத்தானே நானும் சொல்றேன். நீ வச்ச பேரு. நீ வச்ச அந்தப் பேருதான் அவனைக் கொண்டு போச்சு."

அவள் கையிலிருந்த ஈரத் துணி மேஜை மேலேயே நின்றுவிட்டது. மத்தியானம் சாப்பிட்ட தட்டுகள் இன்னும் எடுக்கப்படவில்லை. அவர் தன் தட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் லேப்டாப்பை வைத்திருந்தார். வெளியே மழைக்கு மூட்டம் போட்டு, பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. திரையின் வெளிச்சம் அவர் முகத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் விழுந்து, அவர் பேசாதபோதும் வாய் அசைவது போலக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். விட்டுப்போன புள்ளிகளைத் தேடித் தேடி, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வாழ்ந்த மனிதர். ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போயிற்று. மகன் செத்த பிறகு வேலை கிடைத்தது. கடவுள் ஓர் எண் என்று கண்டுபிடித்தார். உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து பதினெட்டு, இரண்டும் கூடிப் பெற்றது இருநூற்றுப் பதினாறு. எல்லாம் ஜோடி போட்டுக் குடும்பம் நடத்த, யாரோடும் சேராமல் மூன்று புள்ளியோடு தனியாக நிற்கிறதே ஆய்த எழுத்து, அந்த ஒன்றுதான் கடவுள். மனிதர்களுக்கும் கணக்கு வைத்திருந்தார். பெயரில் புள்ளி வைத்த எழுத்தெல்லாம் வெறும் மெய். மெய் என்றால் உடம்பு. புள்ளியில் முடிகிற பெயர் பிணத்தில் முடிகிற பெயர்.

இதையெல்லாம் 'எண்ணே இறைவன்' என்று இணையத்தில் ஒரு குழு தொடங்கி எழுதினார். அவ்வளவுதான், ஆட்கள் கூடிவிட்டார்கள். ஊரில் பாதி ஆம்பிளைகளின் பெயர் 'ன்' என்றுதானே முடிகிறது, அத்தனை பேரும் செத்துப் போவார்களா என்று ஒருவன் கேட்டான். சாகாமல் இருந்துவிடுவார்களா என்று இவர் பதில் போட்டார். ஒரு கணக்கு வாத்தியார் வடமொழி எழுத்துகளுக்கு எவ்வளவு மார்க் என்று கேட்டு வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றார். இரண்டு பேர் ஒருவர் தாயாரை ஒருவர் இழுத்து, குழுவை விட்டு விலக்கப்பட்டு, வேறு பெயரில் திரும்பி வந்து மறுபடி இழுத்தார்கள். இன்று காலை அவர் உதாரணத்துக்கு ஒரு பெயர் போட்டிருந்தார். *பொடியன். மூன்று உயிர், கடைசியில் ஒரு பிணம். பெயர் வைத்தவர்: தாய்.*

பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் வேறு. ஆனால் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறந்தபோது கைக்கு அடக்கமாக இருந்தானே என்று அவள் சொன்னது, ஆறடி வளர்ந்த பிறகும் பொடியன்தான்.

"கேளு, உன்னை மாதிரியே ஒருத்தன் இருக்கான்," என்றார் அவர். "வழிப்போக்கனாம். நாலு மாசமா என் உயிரை எடுக்கிறான். இன்னைக்கு என்ன கேக்கறான் பாரு. 'கடவுள் என்று எழுதினாலே கடைசியில் புள்ளி விழுகிறதே ஐயா, அப்படியானால் கடவுளும் செத்துவிட்டாரா?' எப்படி இருக்கு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று. அதை எழுதியது அவள்தான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதனாலதான் அவர் பேசறதில்லைன்னு போட்டேன். எண்பது பேர் கை தட்டியிருக்காங்க. இரு, இரு. கீழ அவனே இன்னும் ஏதோ..." அவர் கண்ணாடியை மேலே தள்ளினார். பிழை திருத்துகிறவர் படிக்கிற மாதிரிதான் எதையும் படிப்பார். உள்ளதை உள்ளபடி, எழுத்து எழுத்தாக. "போ-க-ச... சொ-ன-ன-து... யா-ர. என்னடா எழவு. ஒரு எழுத்துக்கும் புள்ளி கிடையாது. போகச சொனனது யார..."

படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

போகச் சொன்னது யார்.

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், உதடு இரண்டும் ஒட்டியதை. ஆனால் அந்தக் கடைசி எழுத்து, புள்ளி இல்லாத அந்த 'ர', அதன் வாலில் இருந்த 'அ' மட்டும் நிற்கவில்லை. சமையலறைப் பக்கம் எங்கோ, குழாய்க்குள் இருந்தோ குளிர்பெட்டிக்குப் பின்னாலிருந்தோ, யாரோ தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விடுவது போல, மெல்லிசாக, அ... என்று ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வரியை அவள் எழுதவில்லை.

"யார்கிட்ட சொன்ன?" என்றார் அவர். குரலில் காலையிலிருந்து இருந்த முறுக்கு இல்லை.

"என்னத்த?"

"அன்னைக்கு நடந்ததை. நம்ம மூணு பேருக்கு மட்டும் தெரிஞ்சதை."

"நான் யார்கிட்டங்க சொல்லப் போறேன்? நீங்கதான் ஊர் பூரா கடை விரிச்சிருக்கீங்க."

அவர் லேப்டாப்பைப் படீரென்று மூடினார். அந்தச் சத்தத்தோடு மற்றதும் நின்றது. குளிர்பெட்டிதான், கம்ப்ரஸர் பழசு என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தட்டுகளை எடுத்தாள். ஒரு தட்டை இரண்டு முறை கழுவினாள்.

*

நாலு மாதம் முன்னால் மாடியில் குடியிருக்கும் நர்ஸ்தான் அவளுக்கு இணையத்தில் கணக்குத் திறந்து கொடுத்தது.

"எதுக்கு ஆன்ட்டி உங்களுக்கு இதெல்லாம்?"

"அங்கிளை நாலு கேள்வி கேக்கணும்மா. நேர்ல கேட்டா எழுந்து போயிடறார். எழுத்துல கேட்டா பதில் சொல்றார்."

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, பேரு என்ன வைக்கலாம்? நீங்களே அடிங்க, பழகுங்க. புள்ளி வேணும்னா இதோ இந்தக் கட்டையைத் தனியா அழுத்தணும். மறந்துட்டா எழுத்து மொட்டையா நிக்கும்."

அவள் மூக்குக்கண்ணாடியை மாடிக்குக் கொண்டு போகவில்லை. 'ப்'புக்கும் 'க்'குக்கும் தேடித் தேடிப் புள்ளி வைத்தவள், கடைசி எழுத்துக்கு வந்ததும், அப்பாடா என்று விரலை எடுத்துவிட்டாள். *வழிப்போக்கன*. அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்தது அவர்தான், பிற்பாடு. "அந்தப் பயல் பேர்ல கடைசிப் புள்ளி இல்ல, பாத்தியா? மெய்யில உயிர் குடியிருக்கு. அதான் வாய் இந்த நீளம்," என்று சாப்பிடும்போது சொன்னார். புள்ளியை எடுத்தால் அந்த இடத்தில் 'அ' வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவர் அதைச் சொன்ன விதம்தான் வேறு. காலியாக இருக்கிற வீட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அவளுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. மாற்றவில்லை. இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மகனைத் தின்றது அவள் வைத்த பெயர் என்று அவர் சொல்வதை நிறுத்த வேண்டும். அடுத்தவர் முன்னால் தோற்றால்தான் நிறுத்துவார் என்று அவளுக்குத் தெரியும். நேரிலே தோற்றுப் பழக்கமில்லாத மனிதர்.

அந்தக் காலத்தில் அவள் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தவள். பலகை நிறைய ஓட்டைகள், கை நிறைய ஒயர்கள். இவரை அவரோடு சேர்ப்பதும் பேசி முடித்ததும் பிடுங்குவதும்தான் வேலை. பிடுங்க மறந்தால் லைன் திறந்தே கிடக்கும். காதில் வைத்தால் கேட்கும். பேசியவர்கள் போய்விட்டிருப்பார்கள், ஆனாலும் அந்தப் பக்கம் யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது போல ஓர் இரைச்சல். "முற்றுப்புள்ளி வைம்மா, முற்றுப்புள்ளி வை," என்று சூப்பர்வைசர் கத்துவார். "திறந்த லைன்ல எவன் வேணா வருவான்."

பொடியனுக்கு அவள் எக்சேஞ்ச்தான். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஓர் ஆண்டாகப் பேச்சுவார்த்தை இல்லை. அச்சகத்தில் அப்பா சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையை அவன் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு வந்தது அவருக்குத் தலைகுனிவு. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "எக்சேஞ்ச், அப்பாவுக்கு லைன் குடு. மோர் வேணுமான்னு கேளு," என்பான். "வேண்டாம்னு சொல்லு," என்பார் அவர், எதிரே உட்கார்ந்துகொண்டே. அவளும் சலிக்காமல் சொல்லுவாள்.

அந்தச் சாயங்காலம் அவர் உள் அறையிலிருந்து சொன்னார், "அவனைப் போகச் சொல்லு. இந்த வீட்ல இனிமே இடம் இல்லைன்னு சொல்லு."

அடுப்பில் பால். ஒரு கண் பாலில். பழக்கதோஷம், யார் என்ன சொன்னாலும் தன் குரல் கலக்காமல் அப்படியே கடத்திவிடுகிற பழக்கம். "அப்பா போகச் சொல்றார்டா," என்றாள்.

அவன் சிரித்தான். "லைன் கிளியர் எக்சேஞ்ச். போறேன்."

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றான். மழை. வளைவில் ஒரு லாரி.

ஆஸ்பத்திரியில் மாடி நர்ஸ்தான் டியூட்டியில் இருந்தாள். மோவாயைச் சுற்றி வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். "வாய் மூட மாட்டேங்குது ஆன்ட்டி, தாடை அந்த மாதிரி... அதான் கட்டிட்டேன். அவிழ்த்துடாதீங்க," என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டே பேர், நடுவில் லைன் கொடுக்க ஆள் இல்லாமல்.

*

மறுநாள் காலை நர்ஸ் அவளுடைய போனை வாங்கி, இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள்.

"வேற யாரும் உள்ள நுழையல ஆன்ட்டி. எல்லாம் இந்த போன்லேருந்துதான் போயிருக்கு."

"நான் அடிக்கலையே."

"தூக்கத்துல கைபட்டு..."

"தூக்கத்துல கைபட்டு வாக்கியமா வரும்?"

நர்ஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைச் சட்டென்று மேஜையில் வைத்தாள், சுட்டது போல. "இப்ப ஒண்ணு வந்துச்சு. என் கையில இருக்கும்போதே. நான் எதையும் தொடல."

*எகசேஞச. லைன குடு.*

"என்னது இது? படிக்கவே வரலையே. எந்த பாஷை?"

அவளுக்குப் படிக்க வந்தது. வெட்கமில்லாமல் நெஞ்சுக்குள் ஒன்று குதித்தது. இரண்டு வருஷமாக யாரும் அந்தப் பெயரால் கூப்பிடவில்லை.

"பேரை மாத்திடுங்க ஆன்ட்டி. இல்ல, கணக்கையே அழிச்சிடலாம், குடுங்க—"

"இருக்கட்டும்மா."

"ஆன்ட்டி."

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

பேரை எங்கே மாற்றுவது என்று மட்டும் காட்டிக் கொடுத்துவிட்டு நர்ஸ் மாடி ஏறிப் போனாள். பாதிப் படியில் நின்று, "உங்க வீட்ல ஏதோ கேஸ் கசியற மாதிரி சத்தம் கேக்குது, பாருங்க," என்றாள்.

கேஸ் இல்லை. குழாயும் இல்லை. அவள் குளிர்பெட்டியின் ஒயரையே பிடுங்கிப் பார்த்தாள். சத்தம் அது பாட்டுக்கு இருந்தது. அறைக்கு அறை கூடியும் குறைந்தும், பாத்திரத்தின் வாயருகே காதை வைத்தால் பாத்திரத்துக்குள்ளும், அலமாரியைத் திறந்தால் அவனுடைய மழைக்கோட்டின் மடிப்புக்குள்ளும், மூச்சு வாங்காமல், மூச்சு தீராமல், அ... என்று. எந்தச் சொல்லின் முடிவும் இல்லாத வெறும் வால். எத்தனையோ ஆயிரம் குரல்களைக் கேட்ட காது அவளுடையது. இருமலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவாள். இந்தச் சத்தத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுடைய வார்த்தைதான் எழுத்தில் வந்தது. ஆனால் இது அவன் குரல் இல்லை. எவருடைய குரலும் இல்லை.

அன்றிலிருந்து அவர் குளிக்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. லேப்டாப்பே கதி. முகத்தில் மட்டும் ஒரு தெளிச்சி.

"நிரூபணம் ஆயிடுச்சு," என்றார், அவளைப் பார்க்காமலே. "புள்ளி இல்லாத மெய்யில உயிர் வந்து உக்காருது. எந்த உயிர் வேணாலும். வெளியில போன உயிர்கூட. அவன் என்கிட்ட பேசறான்."

"யாரு?"

"யாருன்னு உனக்குத் தெரியாதா? வழிப்போக்கன்னா யாரு? வழியில போனவன். வழியிலயே போனவன்."

"ஏங்க, அது..." சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தாள். அது நான்தாங்க, நான் ஆரம்பிச்ச விளையாட்டு அது என்று. "அது வேற யாராவது இருக்கும். உங்களை வச்சு வேடிக்கை பாக்கறவன்."

"வேடிக்கை பாக்கறவனுக்கு மோர் விஷயம் எப்படித் தெரியும்? 'மோர வேணுமா'ன்னு எழுதியிருக்கானே."

அவள் போனை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவர் குழுவில் எழுதியிருந்தார். பொடியன் என்பதில் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டேன், எல்லோரும் அப்படியே எழுதுங்கள். கையெடுத்துக் கும்பிட்டு ஒரு படம் வேறு. நம்பியவர்கள் எழுதினார்கள். கிண்டலுக்காகப் பாதிப் பேர் எழுதினார்கள். கணக்கு வாத்தியார்கூட, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தார். பொடியன, பொடியன, பொடியன என்று திரையில் அடிமுடி தெரியாமல் இறங்கிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு வரியும் மூடாத வாயோடு.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. உயிரோடு இருந்தபோது அந்தப் பெயரை ஒரு தடவை வாய் விட்டுக் கூப்பிட்டிருந்தால் இத்தனை பேரைக் கூப்பிடச் சொல்ல வேண்டியிருந்திருக்குமா?

"ஒரு தடவை நீங்க கூப்பிட்டிருக்கலாம்," என்றாள்.

"நீ ஒரு தடவை சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார் அவர். "நான் உன்கிட்டதான் சொன்னேன். அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லல. போன்னு அவன் காதுல விழுந்தது உன் குரல்தான்."

அதற்கு மேல் அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் பேசவில்லை. பேசாதபோதுதான் அது நன்றாகக் கேட்டது.

*

மழை பிடித்துக்கொண்டது இன்னொரு சாயங்காலத்தில். பொழுது சாய்வதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. மாடி நர்ஸ் குடையோடு டியூட்டிக்குப் போய்விட்டாள். வாசல் கேட்டைச் சாத்திய சத்தம்கூட மழையில் அமுங்கித்தான் கேட்டது. கீழே சமையலறையில் அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மெழுகுவர்த்தியைத் தேடி இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தபோது, போனின் முகம் தானாக வெளிச்சமாயிற்று.

*போயடடேன. இபப வரேன.*

அதற்குக் கீழே அவருடைய பதில். ஒரே எழுத்து. *வா.*

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது.

"ஏங்க?"

சமையலறையிலிருந்து பார்த்தால் முன்னறையின் ஒரு பாதியும் வாசல் கதவும் தெரியும். லேப்டாப் வெளிச்சத்தைத் தாண்டி அவர் முதுகு போய்க்கொண்டிருந்தது, வயசாளியின் நடையில் இல்லை, வீட்டுக்கு யாரோ வரப் போகிறார்கள் என்றால் நடக்கிற நடையில். வேட்டியைச் சரி செய்துகொண்டார். தலையைக் கையால் தடவிக்கொண்டார்.

"ஏங்க, கதவைத் திறக்காதீங்க. அது அவன் இல்ல. அந்தப் பேரு நான் வச்சதுங்க. வழிப்போக்கன் நான்தான். உங்களைக் கேள்வி கேக்கறதுக்காக நான்தான் ஆரம்பிச்சேன். கடைசிப் புள்ளி வைக்க மறந்துட்டேன், அவ்வளவுதான்..."

அவர் நின்றார். திரும்பவில்லை.

"அப்ப நீதான் திறந்து விட்டிருக்க," என்றார் மெதுவாக. கோபமே இல்லை. நன்றி சொல்கிறவர் மாதிரி இருந்தது குரல். "நல்லதாப் போச்சு."

தாழ்ப்பாள் விலகியது.

மழையின் வாசனை உள்ளே வந்தது. அதற்குள் இன்னொன்று, ஆஸ்பத்திரித் தரையில் ஊற்றுகிற மருந்து நெடி. ஈரத் துணி நெடி. அந்தச் சத்தம் இப்போது குழாயில் இல்லை, பாத்திரத்தில் இல்லை, வீட்டுக்குள் எங்கும் இல்லை. கதவுக்கு வெளியே, ஒரே இடத்தில் நின்றது. ஒரு மனிதனின் உயரத்தில்.

போனில் இன்னொரு வரி.

*அமமா.*

அவள் கட்டைவிரலால் துடைத்தாள், அழிந்துவிடும் என்பது போல. நர்ஸ் காட்டிக் கொடுத்த இடம். பெயர் மாற்றுகிற பெட்டி. *வழிப்போக்கன*. அந்த 'ன'வுக்குப் பக்கத்தில் ஒரு கோடு தோன்றித் தோன்றி மறைந்தது. புள்ளிக் கட்டை விரலுக்கு அடியிலேயே இருந்தது. ஓர் அழுத்து. பிடுங்கிவிட்டால் லைன் செத்துவிடும். அவளுக்குத் தெரியும். வேலையே அதுதானே.

அமமா.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் பார்க்கவில்லை.

"வந்துட்டான்," என்றார் அவர் வாசலில், தாழ்ந்த குரலில். "வந்துட்டான் பாரேன்."

அவள் பார்த்தாள்.

வாசற்படிக்கு அந்தப் பக்கம், மழைக்குள். ஆறடி. தோள் அவன் தோள். இடது பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கிற நிற்பு அவன் நிற்பு. மோவாயைக் கட்டிய வெள்ளைத் துணி அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. அதற்கு மேலே வாய். வாய் மட்டும்தான் தெரிந்தது. தாடை மார்பு வரை இறங்கி, மூட முடியாமல், மூடத் தெரியாமல். மழைத் தண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டே இருந்தது. நிரம்பவில்லை. உதடு இரண்டும் சேராத வாயில் அம்மா என்ற சொல் வராது. வந்தது அது மட்டும்தான்.

அ...

கண்கள் இருக்க வேண்டிய இடம் அவளைப் பார்த்தது. அவரைப் பார்க்கவில்லை. காத்திருந்தது. சொல்வதற்காகக் காத்திருக்கிற ஆள் போல அல்ல. கேட்பதற்காக.

அந்தக் குரலில் அவள் தன் பிள்ளையைத் தேடினாள். எத்தனை இரைச்சலிலும் ஆளைக் கண்டுபிடித்த காது. தேடினாள். இல்லை. உடம்பு அவனுடையது. உள்ளே இருந்தது எவனோ. வழியில் போனவன் எவனோ.

விரல் புள்ளியின் மேல்.

அழுத்தினால் இந்தத் தோளும் போய்விடும். இந்தச் சாய்ந்த நிற்பும். இன்னொரு தடவை. அதுவும் அவள் கையால்.

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். மழை வெளிச்சத்தில் முகம் குழந்தை முகமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தார்.

"நான் கூப்பிட்டா வர மாட்டேங்கிறான். அன்னைக்கும் நீதானே சொன்ன, இன்னைக்கும் நீயே சொல்லு எக்சேஞ்ச்... அப்பா உள்ள வரச் சொல்றார்டான்னு சொல்லு."